அடுத்தவர் வெள்ளையணுவும் லிம்போமாவும்

லிம்போமாவுக்கு என்ன வைத்தியம்னு கேட்டா எல்லாரும் கீமோ, ரேடியேஷன்னு சொல்வாங்க. கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க ரிட்டுக்ஸிமேப் மாதிரி ஆன்டிபாடி மருந்துகளையும் சேர்த்துக்குவாங்க. இன்னொரு மனுஷனோட ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரிச்சு எடுத்து, நோயாளியின் நரம்பு வழியா ஏத்தி, மூணே வாரத்தில் கட்டிகளைக் கரைய வெச்ச கதை அவ்வளவா வெளியே தெரியாது. எடின்பரோவுக்கு நோயெதிர்ப்பியல் படிக்க வந்த பிறகுதான் இந்த வரலாற்றை நான் முழுசா வாசிச்சேன். துப்பறியும் கதை மாதிரி இருந்தது. தமிழில் ஒரு தடவை எழுதி வெச்சிடணும்னு ஆசை. கொஞ்சம் நீளம்தான், காபியோட உட்காருங்க :-)

முதல்ல ஒரு நிமிஷம் அடிப்படை. நம்ம ரத்தத்திலும் நிணநீரிலும் ஓடுற வெள்ளையணுக்களில் லிம்போசைட்டுன்னு ஒரு ஜாதி. அதில் பி செல் ஆன்டிபாடி தயாரிக்கும். டி செல் நேரடியா களத்தில் இறங்கி, வைரஸ் புகுந்த செல்லையும் புத்தி கெட்டுப்போன செல்லையும் கொல்லும். இந்த இரண்டாவது வேலைக்குத்தான் செல்வழி எதிர்ப்புன்னு பேர். லிம்போமா என்பது இந்த லிம்போசைட்டுகளே (பெரும்பாலும் பி செல்கள்) கட்டுப்பாடில்லாம பெருகுற புற்றுநோய். அதாவது திருட்டைத் தடுக்க வேண்டிய ஆளே திருடனாகிற கேஸ்.

லிம்போமா நோயாளிகளுக்கு இந்தச் செல்வழி எதிர்ப்பு படுத்துப் போயிருக்குங்கிற தடயம் ரொம்பப் பழசு. 1902-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டாரதி ரீட் என்ற பெண் மருத்துவர் ஹாட்ஜ்கின் நோயை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்து எழுதினார். (இன்னிக்கும் அந்தப் பெரிய செல்லுக்கு ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்னுதான் பேர்.) அப்போ அந்த நோயைக் காசநோயின் ஒரு வகைன்னு பல பேர் நினைச்சாங்க. ரீட் தன் நோயாளிகளுக்கு டியூபர்குலின் போட்டுப் பார்த்தார், எதிர்வினையே இல்லை. இது காசநோய் இல்லைங்கிறதுக்கு அவருக்கு அது ஒரு ஆதாரம். பின்னால் வந்தவர்களுக்குத்தான் அதில் இன்னொரு அர்த்தமும் இருப்பது புரிந்தது. காசநோய்க் கிருமியை முன்பு சந்தித்திருந்த ஹாட்ஜ்கின் நோயாளிகளிடமும் டியூபர்குலினுக்குத் தோல் தடிக்கவில்லை. டி செல்கள் வேலை செய்யலை.

சொந்தப் படை தூங்குதுன்னா வெளியிலிருந்து படையை வரவழைக்கலாமே? இது யாருக்கும் தோணக்கூடிய யோசனைதான். ஆனா வரலாறு அப்படி நேரா வரலை. அணுகுண்டு வழியா சுத்திக்கிட்டு வந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, கதிர்வீச்சு வாங்கினவங்களை எப்படிக் காப்பாத்துறதுன்னு எல்லா வல்லரசுகளும் எலிகளை வெச்சு ஆராய்ந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் ஹார்வெல்னு ஒரு ஊர், அங்கே அணுசக்தி ஆராய்ச்சி நிலையம். 1956-ல் அங்கிருந்த பார்ன்ஸ், லூட்டிட் குழு ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கடுமையான எக்ஸ்-ரே கொடுத்து, பிறகு எலும்பு மஜ்ஜை ஏத்தினாங்க. ஒரு கூட்டத்துக்கு அதே இன எலியின் மஜ்ஜை. இன்னொரு கூட்டத்துக்கு வேற இன எலியின் மஜ்ஜை. முதல் கூட்டத்துக்குப் புற்றுநோய் திரும்ப வந்து செத்துப் போச்சு. இரண்டாவது கூட்டத்துக்குப் புற்றுநோய் திரும்பலை. ஆனா எலிகள் இளைச்சு, பேதியாகி, அதனாலேயே செத்துப் போச்சு.

இந்த முடிவை நான் ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்ப வாசிச்சேன். அடுத்த 40 வருஷத்துக் கதை மொத்தமும் இந்த ஒரே பரிசோதனையில் இருக்கு. அந்நிய மஜ்ஜையில் இருக்கிற ஏதோ ஒண்ணு புற்றைக் கொல்லுது, அதே ஏதோ ஒண்ணு எலியையும் கொல்லுது. எக்ஸ்-ரேக்குத் தப்பின புற்றுச்செல்களை வந்த மஜ்ஜையின் எதிர்ப்புசக்தி தீர்த்துக்கட்டியிருக்கலாம்னு அவங்களே எழுதினாங்க.

மனிதர்களில் இதைத் துணிஞ்சு பிடிச்சுக்கிட்டவர் பாரிஸில் இருந்த ஜார்ஜ் மாத்தே. 1958-ல் யூகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தபோது மஜ்ஜை ஏத்தினவர் அவர்தான். பிறகு லுக்கீமியா நோயாளிகளுக்கும் உறவினர்களின் மஜ்ஜையைக் கொடுத்தார். ஒருவருக்கு லுக்கீமியா கடைசி வரை திரும்பவில்லை. ஆனால் சிகிச்சையின் பின்விளைவுகளில் இறந்தார். மறுபடி ஹார்வெல் எலி! 1965-ல் மாத்தே இந்த வைத்தியத்துக்கு ஒரு பேர் வெச்சார். தமிழில் சொன்னா 'சுவீகார எதிர்ப்பு சிகிச்சை'. அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுத்து வந்து நம்ம வீட்டுக்குக் காவல் போடுறது. பிரச்னை என்னன்னா, தத்து வந்த பிள்ளைக்கு இந்த வீட்டில் யார் சொந்தம், யார் திருடன்னு தெரியாது. எல்லாரையும் அடிக்கும். தோல், குடல், கல்லீரல் மூணும்தான் முதலில் அடி வாங்கும். இதுக்குத்தான் ஜி.வி.எச்.டி.ன்னு பேர். தானம் வந்த செல்கள் குடியேறிய உடம்பையே தாக்குகிற நோய்.

அமெரிக்காவில் டானல் தாமஸ் 1957-லேயே மஜ்ஜை ஏத்திப் பார்த்து, ஒருத்தரும் பிழைக்காம, பலர் கைவிட்ட பிறகும் விடாம சியாட்டிலில் உட்கார்ந்து இந்தக் கலையைக் கட்டி எழுப்பினார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு. அவரைப் பத்தித் தனியா எழுதணும், இங்கே ஒரே ஒரு விஷயம். 1979-ல் சியாட்டில் குழு தங்கள் நோயாளிகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. ஜி.வி.எச்.டி. வந்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு லுக்கீமியா திரும்புவது குறைவு. எதுவும் வராம நிம்மதியா இருந்தவர்களுக்குத் திரும்புவது அதிகம். 1990-ல் மேரி ஹோரோவிட்ஸும் மற்றவர்களும் 2,254 பேரின் பதிவுகளைக் கூட்டிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். அச்சு அசல் இரட்டையர் மஜ்ஜை கொடுத்தால், அதாவது பொருத்தம் நூத்துக்கு நூறு இருந்தால், நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்! ஜாதகப் பொருத்தம் ரொம்ப நல்லா இருந்தா கல்யாணம் விளங்காதுங்கிற மாதிரி ஒரு முடிவு.

இதுக்கு நடுவில் 1980-களில் டாக்டர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாங்க. ஜி.வி.எச்.டி. வரக் காரணம் மஜ்ஜையோடு கூட வரும் டி செல்தானே, அதை வடிகட்டிட்டு மிச்சத்தை ஏத்தினா என்ன? செய்தாங்க. ஜி.வி.எச்.டி. நல்லாவே குறைஞ்சது. நோய் திரும்பி வருவது கூடிப்போச்சு. அது மட்டுமில்லை, வேற ஒரு விலையும் இருந்தது. அதைச் சொல்ல டேவிட் வெட்டரைச் சொல்லியாகணும்.

டேவிட் 1971-ல் டெக்சாஸில் பிறந்த பையன். பிறவியிலேயே எதிர்ப்புசக்தி கிடையாது. பிறந்த உடனே கிருமியில்லாத பிளாஸ்டிக் கூண்டுக்குள் வெச்சாங்க, 12 வருஷம் அதுக்குள்ளேயே வளர்ந்தான். பத்திரிகைகள் 'குமிழிப் பையன்'னு எழுதின. பொருத்தமான டோனர் இல்லாததால், 1983 அக்டோபரில் அவன் அக்காவின் பாதி பொருந்திய மஜ்ஜையை டி செல் நீக்கி ஏத்தினாங்க. அக்காவின் மஜ்ஜையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒளிஞ்சிருந்தது.

இந்த வைரஸ் நம்மில் 10-ல் 9 பேருக்கு மேல் இருக்கு. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகை லிம்போமாவை டெனிஸ் பர்கிட் கவனித்துச் சொல்ல, லண்டனில் எப்ஸ்டீன், அச்சாங், பார் மூவரும் அந்தக் கட்டியின் செல்களில் 1964-ல் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். பி செல்லுக்குள் குடியிருந்து அதைப் பெருகச் சொல்லித் தூண்டும். ஆரோக்கியமானவர்களிடம் டி செல்கள் தினமும் ரோந்து போய் அடக்கி வெச்சிருக்கும். டேவிட்டுக்கு வந்த மஜ்ஜையில் வைரஸ் இருந்தது, ரோந்துக்காரன் இல்லை. உடம்பெங்கும் லிம்போமா. 1984 பிப்ரவரியில் கூண்டை விட்டு வெளியே எடுத்தாங்க, அவன் அம்மா முதன்முறையா கையுறை இல்லாம அவனைத் தொட்டார். அந்த மாதம் 22-ம் தேதி இறந்தான்.

இதை வாசிச்ச அன்னிக்கு எனக்கு வேற எதுவும் படிக்க ஓடலை. யார் மேலும் குறை சொல்ல முடியாது, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து நியாயமாகச் செய்ததுதான். டி செல்லை எடுக்காம ஏத்தியிருந்தா ஜி.வி.எச்.டி.யே கொன்றிருக்கும்.

1990-ல் ம்யூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப் ஒரு காரியம் செய்து காட்டினார். மஜ்ஜை மாற்றிய பிறகு நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா திரும்பி வந்த 3 பேருக்கு, இன்னொரு தடவை மஜ்ஜை மாற்றாமல், பழைய டோனரைக் கூப்பிட்டு வெள்ளையணுக்களை மட்டும் எடுத்து ஏத்தினார். கூடவே இன்டர்ஃபெரான். மூணு பேருக்கும் நோய் மறைந்தது. 1995-ல் ஐரோப்பா முழுக்க 135 பேரின் முடிவுகளைத் தொகுத்தபோது, இந்த லுக்கீமியாவில் கிட்டத்தட்ட நாலில் மூணு பேருக்கு நோய் முழுசா அடங்கியிருந்தது. வேகமா வளரும் அக்யூட் ரகங்களில் பலன் ரொம்பக் கம்மி. டோனர் லிம்போசைட் ஏற்றுதல்னு இதுக்குப் பேர் நிலைச்சுப் போச்சு.

இப்போ டேவிட்டின் லிம்போமாவுக்கு வருவோம். 1994-ல் நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் பாப்படோபுலஸ், ஓ'ரைலி குழு 5 நோயாளிகளைப் பத்தி எழுதினாங்க. டி செல் நீக்கிய மஜ்ஜை வாங்கினவங்க, எல்லாருக்கும் எப்ஸ்டீன்-பார் லிம்போமா. அதுவும் பரிசோதிக்க முடிந்த நாலு பேரிடமும் அந்தப் புற்றுச்செல்கள் டோனரிடமிருந்து வந்த பி செல்கள்தான். அதே டோனர்களிடமிருந்து வெள்ளையணு வாங்கி ஏத்தினாங்க. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு சுமார் 10 லட்சம் டி செல் கணக்கு. 8 முதல் 21 நாளில் அஞ்சு பேருக்கும் லிம்போமா கரைஞ்சது. ஏற்கெனவே நுரையீரல் கெட்டிருந்த ரெண்டு பேர் மூச்சுத்திணறலில் இறந்தாங்க. மூணு பேர் நோயில்லாமல் வாழ்ந்தாங்க.

அந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 60 கிலோ ஆளுக்கு 6 கோடி டி செல். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் ஒரு மில்லியில் சுமாரா 10 லட்சத்துக்கு மேல் டி செல் இருக்கும். ஆக 50, 60 மில்லி ரத்தத்தில் இருக்கிற சரக்கு. நம்ம ஊர் காபி டம்ளரில் பாதி கூட வராது. கீமோவுக்கு மசியாத லிம்போமாவை அது மூணு வாரத்தில் முடிச்சிருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னால் டேவிட்டுக்காக வடிகட்டி வெளியே போட்டது இதைத்தான்.

ஆனா இந்த 'பாதி டம்ளர்' சுத்தமான சரக்கு இல்லை. வைரஸை அடையாளம் தெரிந்த டி செல்லோட, உடம்பைத் தாக்கும் டி செல்லும் கலந்துதான் வரும். அடுத்த வேலை பிரித்தெடுப்பது. மெம்ஃபிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லப், மால்கம் பிரென்னர் மூவரும் டோனரின் டி செல்களை அதே டோனரின் வைரஸ் புகுந்த பி செல்களோடு சேர்த்து வாரக்கணக்கில் வளர்த்தாங்க. வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் மட்டும் பெருகும், மத்தது ஒதுங்கிடும். நாய்க்கு மோப்பம் பழக்குற மாதிரி. ஏத்தின செல் எங்கே போகுது, எவ்வளவு நாள் உயிரோட இருக்குன்னு பார்க்க அதில் ஒரு அடையாள ஜீனையும் செருகினாங்க, ஆட்டுக்கு முதுகில் பெயிண்ட் அடிச்சு விடுற கதைதான். முதல் அறிக்கை 1995-ல் வந்தது. 2010-ல் மொத்தக் கணக்கும் வந்தபோது 114 பேர். வருமுன் காக்க வாங்கின 101 பேரில் ஒருத்தருக்குக் கூட இந்த லிம்போமா வரலை. வந்த பிறகு வாங்கின 13 பேரில் 11 பேருக்கு முழுசா மறைஞ்சது. பெயிண்ட் அடிச்ச ஆடுகள் 9 வருஷம் கழிச்சும் சிலர் ரத்தத்தில் மேஞ்சுக்கிட்டிருந்தது!

1990-களின் கடைசியில் இந்த மூவரும் ஹூஸ்டனுக்கு, டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்த மையத்துக்கு மாறினாங்க. டேவிட் கூண்டில் இருந்த அதே மருத்துவமனை.

செயின்ட் ஜூட் முறையில் ஒரு நடைமுறைச் சிக்கல். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியா செல் வளர்க்க மாசக்கணக்காகும். லிம்போமா அதுவரை காத்திருக்காது. கிட்னி மாற்றியவர்களுக்கும் இதே லிம்போமா வரும், நிராகரிப்பைத் தடுக்க மருந்து கொடுத்து டி செல்லை அமுக்கி வைப்பதால. கிட்னி கொடுத்தவர் இறந்து போயிருந்தா வெள்ளையணுவுக்கு யாரைக் கேட்பது? இதற்கு விடை நான் இருக்கிற ஊரில் கிடைச்சதுங்கிறதில் எனக்குக் கொஞ்சம் பெருமை (நான் ஒண்ணும் பண்ணலை, ஹி ஹி). எடின்பரோவில் டன்சீன் ஹக், டாரதி க்ராஃபோர்டு இருவரும் ஸ்காட்லாந்தின் சாதாரண ரத்ததானக்காரர்களிடமிருந்து வைரஸ் தெரிந்த டி செல்களை முன்கூட்டியே வளர்த்து உறைய வைத்து ஒரு வங்கி ஆரம்பிச்சாங்க. நோயாளிக்கு ஓரளவு பொருந்துற பையை எடுத்துக் கொடுத்தா போதும். 2007-ல் 33 பேரின் முடிவு. அஞ்சு வாரத்தில் 64 சதவீதம் பேருக்குப் பலன், ஆறு மாசத்தில் 52 சதவீதம். மத்த வைத்தியம் எல்லாம் கைவிட்டவங்க இவங்க. அந்நிய செல்களை உடம்பு நாளடைவில் துரத்திடும். அதுக்குள்ள வேலை முடிஞ்சா சரி.

இந்த 'வங்கி' யோசனைதான் பிறகு மருந்துக் கம்பெனி கைக்குப் போச்சு. ஸ்லோன் கெட்டரிங் வழியில் வந்த டாபெலக்லூசெல் என்ற செல் மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. இன்னொருவரின் டி செல்லால் ஆன மருந்து அது. அதன் மூன்றாம் கட்ட ஆய்வில் 43 பேரில் 22 பேருக்குப் பலன்.

இதுவரை சொன்னது வைரஸ் லிம்போமா. அதில் டி செல்லுக்கு வேலை சுலபம், ஏன்னா வைரஸின் புரதம் கண்ணுக்குத் தெரியுற அந்நியன். வைரஸ் இல்லாத சாதாரண லிம்போமாவில் எப்படி? ரகத்துக்கு ரகம் வித்தியாசம். 1991-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பார்த்தாங்க: கீமோவுக்கு இணங்கிய லிம்போமா நோயாளிகளில், சொந்த மஜ்ஜையே திரும்ப வாங்கினவங்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு 46 சதவீதம், அடுத்தவர் மஜ்ஜை வாங்கினவங்களுக்கு 18 சதவீதம். அப்பாடான்னு இருக்கா? நோய் இல்லாம உயிரோட இருந்தவங்க கணக்கைப் பார்த்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். புற்றுநோயில் தப்பின வித்தியாசத்தை சிகிச்சையின் விஷம் தின்னுடுச்சு. ஹார்வெல் எலி விடாம துரத்துது பாருங்க.

1990-களின் கடைசியில் ஒரு தெளிவு வந்தது. புற்றைக் கொல்லப் போவது டோனரின் டி செல்தான் என்றால் முன்னாடி எதுக்கு அவ்வளவு கடுமையான கீமோ, ரேடியேஷன்? அந்நிய செல் வேரூன்ற அளவுக்கு மட்டும் கொடுத்தா போதாதா? ஜெருசலேமில் ஷிமோன் ஸ்லாவினும் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சனில் இஸ்ஸா கூரியும் 1998-ல் இந்த மிதமான முறையை வெளியிட்டாங்க. மெதுவா வளரும் ஃபாலிக்குலர் லிம்போமாவுக்கு இது அற்புதமா பொருந்துச்சு. கூரியின் 2008 அறிக்கையில், நோய் திரும்பி வந்து இந்தச் சிகிச்சை பெற்ற 47 பேரில், சுமார் 5 வருஷக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் நோய் முற்றாமல் உயிரோடு. மெதுவா வளரும் நோய் என்பதால் டி செல்லுக்கு மெதுவா வேலை பார்க்க நேரம் கிடைக்குது. ஹாட்ஜ்கினுக்கு 2005-ல் பிரிட்டனில் பெக்ஸ் குழு பார்த்தது: மாற்று சிகிச்சைக்குப் பிறகும் நோய் இருந்ததால் டோனர் லிம்போசைட் வாங்கின 16 பேரில் 9 பேருக்குப் பலன், அதில் 8 பேருக்கு முழுசா. டாரதி ரீட் டியூபர்குலின் போட்டு எதிர்வினை இல்லைன்னு எழுதின அதே நோய், வெளியிலிருந்து டி செல் கொடுத்தா மடங்குது. அந்த 16-ல் 6 பேருக்கு ஜி.வி.எச்.டி. வந்ததையும் சொல்லணும்.

நடுவில் ஒரு விளம்பரம், காசு வாங்காத விளம்பரம். டோனர் பொருத்தம் எச்.எல்.ஏ. என்ற மரபு அடையாளத்தை வெச்சுத்தான். வீட்டில் கிடைக்கலைன்னா பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்காரர்களிடம்தான் கிடைக்கும். வெளிநாட்டுப் பதிவேடுகளில் வெள்ளைக்காரர்கள் லட்சக்கணக்கில் இருக்காங்க, நம்மவங்க கொஞ்சம்தான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்றம் நடக்குது, சென்னையில் 2009-லிருந்து தாத்ரி என்ற டோனர் பதிவேடு இருக்கு. கன்னத்தில் பஞ்சைத் தடவிக் கொடுத்தா பதிவு முடிஞ்சது. நான் இங்கே பதிஞ்சுட்டேன். உங்க ஊரில் எங்கேன்னு தேடிப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. இப்போ எல்லாரும் பேசுற கார்-டி சிகிச்சை (லிம்போமாவுக்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி) நோயாளியின் சொந்த டி செல்லை எடுத்து ஜீன் மாற்றித் திருப்பி ஏத்துறது. ஆள் ஆளுக்குத் தயாரிக்கணும், விலை தலை சுத்தும். பல தடவை கீமோ வாங்கினவரிடம் நல்ல டி செல்லே மிச்சம் இருக்காது. அதனால மறுபடி டோனர் பக்கம் திரும்பியிருக்காங்க. 2020-ல் எம்.டி. ஆண்டர்சனில் கேட்டி ரெஸ்வானி குழு, தானமா வந்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து என்.கே. செல்களை எடுத்து, பி செல்லைக் குறிபார்க்கும் கார் பொருத்தி, 11 பேருக்குக் கொடுத்தாங்க. 8 பேருக்குப் பலன், 7 பேருக்கு நோய் முழுசா மறைஞ்சது. சிலருக்கு அதுக்கு அப்புறம் வேற சிகிச்சையும் தேவைப்பட்டது. இந்த என்.கே. செல்கள் டோனர் பொருந்தாட்டியும் உடம்பைத் தாக்குறதில்லை, 11 பேரில் ஒருத்தருக்கும் ஜி.வி.எச்.டி. வரலை. ஆனா 2024-ல் 37 பேரின் கணக்கு வந்தப்போ பலன் சுமார் பாதிப் பேருக்குத்தான். எந்தக் குழந்தையின் கொடியிலிருந்து எடுத்த செல்ங்கிறதைப் பொறுத்து முடிவு மாறுதுன்னு அதில் எழுதியிருந்தாங்க. பிறந்து ஒரு நாளுக்குள், அணுக்கள் கெடும் முன்பே உறைய வெச்ச கொடி ரத்தம்தான் நல்லா வேலை செய்ததாம்.